பழனிசாமியும் முக்கோணச் சுவரும்

பழனிசாமிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. சத்தம் போடுகிறவனை நம்பலாம், கொஞ்ச நேரத்தில் ஆறிவிடுவான். பழனிசாமி வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பார். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பிறந்து, திருப்பூரில் கட்டடங்களுக்குச் சென்ட்ரிங் அடித்து, பிறகு நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து வீடுகளுக்கு வெளிச்சுவர் அடிக்கிற மனிதர். கிளென் ஈடனில் வாடகை வீடு. மனைவி தமயந்திக்கு நியூ லின் மாலில் வேலை. மகள் அப்பா தமிழில் கேட்பதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொல்வாள். வெளியே இருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஒன்பது வருடமாக அவர் ஒரே ஒரு ஆளை நினைத்து உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தார். அந்த ஆளின் பெயர் ராம்பிரசாத்.

அந்தப் பெயரை பில்டர் பிருந்தன் ஃபோனில் சொன்னபோது பழனிசாமி டிஃபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு யூட் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"பழனி அண்ணை, மாசி எண்ட இடத்தில ஒரு புது வீடு. கீழ்ச்சுவர் எல்லாம் முடிஞ்சுது. முன்னுக்கு, கூரைக்குக் கீழ இருக்கிற முக்கோணம் மட்டும் ஷிங்கிள் அடிக்கோணும். அதை வடிவாச் செய்யிறதுக்கு உங்களை விட்டா என்னட்ட ஆள் இல்லை. வீட்டுக்காரர் உங்கட இந்தியாக்காரர்தான். ராம்பிரசாத் எண்டு, கட்டடக் கொம்பனி ஒண்டில மேனேஜர்."

"திருச்சிக்காரருங்களா?"

"ஓம், உங்களுக்குத் தெரியுமோ?"

"இல்லீங்க, சும்மா கேட்டேன். நாளைக்கே வர்றேன்."

டிஃபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்தார்.

நடந்தது இதுதான். பழனிசாமி இந்த ஊருக்கு வந்த புதுசு. தமயந்தியும் குழந்தையும் இன்னும் ஊரில் இருந்தார்கள். ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை. பழனிசாமி என்கிற பெயர் அங்கே யார் வாயிலும் நுழையவில்லை என்று 'சாம்' ஆக்கிவிட்டார்கள். அந்தக் கட்டடத்துக்கு மேனேஜர் ராம்பிரசாத். தமிழ் ஆள் மேலே இருக்கிறார் என்று பழனிசாமிக்கு ஒரு தைரியம் கூட இருந்தது. அந்த வாரம் பார்த்து அவருடைய ஃபோன் சாரத்திலிருந்து விழுந்து நொறுங்கிப்போனது. அவசரம் என்றால் கூப்பிடச் சொல்லி, சைட் ஆபீஸ் நம்பரைத் தங்கை பூங்கோதைக்குக் கொடுத்து வைத்தார். வியாழக்கிழமை மத்தியானம் பூங்கோதை கூப்பிட்டாள். அம்மா போய்விட்டாள். ஃபோனை எடுத்தது ராம்பிரசாத். "சொல்லிடறேம்மா" என்றார். சொல்லவில்லை.

மழைக்கு முன்னால் மேல்சுவரை மூடியாக வேண்டும், இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், உயரத்தில் நின்று அந்த வேலையைச் செய்ய அன்றைக்குப் பழனிசாமியை விட்டால் ஆள் இல்லை. அதுதான் காரணம். வெள்ளிக்கிழமை பூங்கோதை மறுபடி கூப்பிட்டு, அண்ணன் கிளம்பிவிட்டாரா என்று கேட்டாள். "சொல்லிட்டேம்மா. அவருக்கு வேலை இருக்கு, முடிச்சுட்டு வருவார்" என்று அந்த மகராசன் கூசாமல் சொன்னார். அன்று மத்தியானம் பழனிசாமியோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து டீயும் குடித்தார். சனிக்கிழமை சாயங்காலம், கடைசிப் பலகை ஏறிய பிறகு, தோளில் கை போட்டு, இப்போதுதான் சேதி வந்தது போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

பழனிசாமி போய்ச் சேர்ந்தபோது அம்மா சாம்பலாகியிருந்தாள். ஐஸ் பெட்டியில் எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று சொந்தக்காரர்கள் அவசரப்படுத்த, பெரியப்பா மகன் கொள்ளி வைத்துவிட்டான். ஒரே மகன் இருந்தும் பங்காளி கையால் வெந்தாள் என்று ஊர் பேசியது. பழனிசாமி நடந்ததைச் சொன்னார். யார் நம்புவார்கள்? "எந்த மேனேஜராச்சும் சாவுச் சேதியை மறைப்பானா? வர மனசில்ல, சாக்குச் சொல்றான்" என்றான் பெரியப்பா மகன். பூங்கோதை நம்பவில்லை. அவள் காதாலேயே கேட்டாளே, சேதி சொல்லியாயிற்று, வேலையை முடித்துவிட்டுத்தான் வருவார் என்று. அன்றிலிருந்து அவள் அவரை அண்ணா என்று கூப்பிட்டதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஃபோன் போட்டால் எடுப்பாள், "சொல்லுங்க" என்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், வைத்துவிடுவாள். அம்மா போன துக்கத்தைக் கூடப் பழனிசாமி தாங்கிக்கொண்டார். அந்தச் "சொல்லுங்க"தான் அவரை அரித்துத் தின்றது.

திரும்பி வந்து ராம்பிரசாத்திடம் நேராகவே கேட்டார். "உயரத்துல நிக்கிறவன்கிட்ட அப்படிச் சேதி சொன்னா தடுமாறி விழுந்துடுவான், உங்க நல்லதுக்குத்தான் சாம்" என்று பதில் வந்தது. அடுத்த மாதம் அந்த சைட்டில் சாமுக்கு வேலை இல்லை.

மாசி வீட்டுக்குப் போன முதல் நாள், ராம்பிரசாத் கையில் காப்பிக் கோப்பையோடு காரிலிருந்து இறங்கி வந்தார். தொப்பை விழுந்திருந்தது, தலையில் முடி குறைந்திருந்தது. மற்றபடி அதே ஆள். பழனிசாமி வேண்டுமென்றே தூசி முகமூடியைக் கழற்றி, ஹெல்மெட்டையும் கழற்றி, அவர் முகத்துக்கு நேரே நின்றார்.

"பழனிதானே? பிருந்தன் உங்களைப் பத்தி ரொம்ப நல்லாச் சொன்னார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு, அதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க. ரோட்டுல இருந்து பாக்கறவங்களுக்கு முதல்ல கண்ணுல படறது அந்த முக்கோணம்தான்."

"முடிச்சுரலாங்க சார்."

அவ்வளவுதான். ஒரு சந்தேகப் பார்வை கூட இல்லை. ஒரு மனிதனின் அம்மாவைப் பறித்துக்கொண்டு, அவன் முகத்தையும் மறந்துவிட்டார். பகையை நினைவு வைத்திருக்கிற எதிரியாவது ஒரு மரியாதை தருகிறான். இந்த ஆள் அதைக்கூடத் தரவில்லை. பழனிசாமி அப்போதே முடிவு செய்தார், இந்த வீட்டை விட்டுச் சும்மா இறங்குவதில்லை என்று.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர் செய்தது புரியாது. ஃபைபர் சிமெண்ட் ஷிங்கிள் என்பது சிமெண்டும் நாரும் சேர்த்து அழுத்திய மெல்லிய பட்டை. தூரத்திலிருந்து மரச் சில்லு போலத் தெரியும். மழைக்கு ஊறாது, கறையான் தொடாது. சுவரில் தண்ணீர் புகாத துணியைச் சுற்றி, மேலே ரீப்பர் அடித்து, நூல் பிடித்து, கீழிருந்து வரிசை வரிசையாக ஏற்ற வேண்டும். ஒரு வரிசையின் ஆணிகளை அடுத்த வரிசை வந்து மூடிவிடும். முக்கோணம் ஆனதால் ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு ஓரங்களையும் கூரைச் சாய்வுக்குத் தக்கபடி வெட்ட வேண்டும், மேலே போகப் போக வரிசை குறுகிக்கொண்டே போகும். முடித்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பது அடித்தவனுக்கு மட்டும்தான் தெரியும். பழிவாங்க நினைக்கிறவனுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

முக்கோணத்தின் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. ஜன்னல் தலைக்கு மேலே, மழைத் தண்ணீரை வெளியே தள்ளிவிட ஒரு தகடு வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் எல்லாம் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருந்தார். பழனிசாமி ஜன்னல் வரைக்கும் ஷிங்கிள் ஏற்றினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். தகட்டைக் கழற்றினார். அது இருந்த இடத்தில் துணியைக் கத்தியால் நீளமாக ஒரு கீறல் கீறினார். மேலே இரண்டு வரிசையை அடித்து மூடிவிட்டார். சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்?

ஆக்லாந்தில் மழைக்குப் பஞ்சமா? அந்த வாரம் முழுக்கக் கொட்டியது. கிளென் ஈடனில் படுத்துக்கொண்டு கூரையில் விழும் மழையைக் கேட்கும்போதெல்லாம் பழனிசாமிக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. இப்போது துணிக்குள் இறங்கும். அப்புறம் உள்ளே இருக்கிற மரச் சட்டத்துக்கு. சட்டம் ஊறும், பூசணம் பிடிக்கும், சுவர் உப்பும். இந்த ஊரில் ஒழுகுகிற வீட்டுக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டால் அதை ஒருத்தனும் வாங்க மாட்டான்.

"என்ன, தானாச் சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள் தமயந்தி.

அவர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் விளக்கைப் போட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ஆளு உங்களுக்குப் பண்ணினது பாவம்தான். ஆனா ஒழுகறப்ப அவரு என்ன நெனப்பாரு? மழைன்னு நெனப்பாரு. இல்லீன்னா, பழனின்னு ஒரு வேலை தெரியாதவன் அடிச்சான்னு நெனப்பாரு. உங்கம்மாவை நெனப்பாருங்களா?"

பழனிசாமி திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மழைச் சத்தம் முன்போல இனிக்கவில்லை.

மறுநாள் அவர் சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது ராம்பிரசாத்தின் மனைவி ரஷ்மி வந்து கீழே நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ஒரு பெரியவர். ராம்பிரசாத்தின் அப்பா, கிரகப்பிரவேசத்துக்காக ஊரிலிருந்து வந்தவர்.

"அண்ணா, ஞாயிற்றுக்கிழமை காலையில நீங்க கண்டிப்பா வரணும்" என்றாள் ரஷ்மி. "மாமா சொல்லிட்டார். உங்களுக்கும் பிருந்தன் அண்ணாவுக்கும் வேட்டி, துண்டு, தாம்பூலம் எல்லாம் வாசல்ல வெச்சுக் குடுத்துட்டு, அப்புறம்தான் நாங்க உள்ள போகப் போறோம்."

பெரியவர் அண்ணாந்து பார்த்தார். "எங்க வீட்டுல அப்படித்தான் தம்பி வழக்கம். கட்டினவங்க மனசு குளிராம நாங்க வாசப்படி தாண்ட மாட்டோம். எங்க அப்பா காலத்துல ஒரு கொத்தனார் கோவிச்சுட்டுப் போயிட்டார்னு அவரைத் தேடிக் கூட்டிட்டு வர்ற வரைக்கும் பால் காய்ச்சாம இருந்தோம். அந்த ஜன்னல் ரூம் எனக்குத்தானாம். நல்ல வெளிச்சம்."

பழனிசாமி ஏணியில் பாதியில் நின்றார். கட்டினவன் தட்டை வாங்கவில்லை என்றால் இவர்கள் உள்ளே போக மாட்டார்கள். அத்தனை சனத்துக்கு முன்னால், ஐயருக்கு முன்னால், பெற்ற அப்பாவுக்கு முன்னால் அந்த ஆள் கையில் தட்டோடு நிற்பான். இத்தனை நாள் மழையை நம்பிக்கொண்டிருந்தோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"வந்துர்றேங்கய்யா" என்றார்.

அவர்கள் போனதும் ஜன்னலுக்கு மேலே அடித்த இரண்டு வரிசையையும் பிரித்தார். மறைந்த ஆணிகளை நெம்பியதில் பாதிப் பட்டைகள் உடைந்தன. உள்ளே துணி ஈரமாகத்தான் இருந்தது. காயவிட்டு, கீறலை ஒட்டி, தகட்டைத் திரும்பப் பூட்டி, புதுப் பட்டைகள் வைத்து அடித்தார். மனசு இளகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நாளைக்கு அந்தச் சுவரில் ஒரு சொட்டு ஒழுகினாலும், வேலை தெரியாதவன், பழனிக்குப் பொறாமை, ஏதோ உளறினான் என்று அந்த ஆள் தப்பித்துவிடுவான். சுவரில் குற்றம் இருக்கக் கூடாது. குற்றம் அந்த ஆளிடம் மட்டும்தான் இருக்க வேண்டும். அந்த நினைப்போடு அவர் மீதி வரிசைகளை ஏற்றினார். உச்சியில் வைக்கிற கடைசித் துண்டை மறைக்க மேலே வேறு வரிசை வராது, அதன் ஆணி வெளியே தெரியும். அந்த ஆணித் தலையைக் கூடப் பெயிண்ட் தொட்டு மூடிவிட்டுத்தான் இறங்கினார். பிருந்தன் வந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இப்பிடி ஒரு வேலையை நான் இவ்வளவு காலத்தில காணேல்லை" என்றான்.

சனிக்கிழமை பழனிசாமி தங்கைக்கு ஃபோன் போட்டார்.

"சொல்லுங்க" என்றாள் பூங்கோதை.

"இன்னைக்கு ராத்திரி அங்க நேரம் பன்னெண்டுக்கு மேல ஆகும். நான் கூப்பிடுவேன். தூங்கினாலும் எந்திரிச்சு எடு அம்முணி. இது ஒண்ணு மட்டும் எனக்காகச் செய்யி."

"சரிங்க" என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. தெரு முழுக்கக் கார்கள். ஹோமப் புகைக்காக உள்ளே ஸ்மோக் அலாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பீக்கரில் மெல்ல நாதஸ்வரமும் மேளமும் ஓடவிட்டிருந்தார்கள். வாசலில் மாக்கோலம், மாவிலை கிடைக்காமல் எலுமிச்சை இலைத் தோரணம். பட்டுப் புடவைகளுக்கு மேலே குளிர் ஜாக்கெட்டுகள். வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து முக்கோணத்தைப் பார்த்து, பிரமாதம் என்றார்கள். ரஷ்மி பால் குடத்தோடு நின்றாள். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நல்ல நேரம் கொஞ்சந்தான் இருக்கு, மரியாதையை முடிச்சுடுங்கோ" என்றார்.

பிருந்தனுக்கு முதலில் கொடுத்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கினான். அடுத்து ராம்பிரசாத் தட்டைப் பழனிசாமி முன் நீட்டினார். கரை வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம்.

பழனிசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாங்கிக்குங்க பழனி."

"பழனி இல்லீங்க சார். சாம்."

ராம்பிரசாத் சிரிக்கப் பார்த்தார். பாதிச் சிரிப்பில் முகம் மாறியது. பழனிசாமி அந்த மாற்றத்தை அணு அணுவாகப் பார்த்தார். ஒன்பது வருடம் காத்திருந்தது அதற்குத்தான்.

"எங்கம்மா செத்த சேதியை மறைச்சு, என்னைச் சாரத்துல நிறுத்தி வேலை வாங்கினீங்க. எந்தங்கச்சிகிட்ட, சொல்லிட்டேன், உங்கண்ணனுக்கு வேலைதான் பெருசுன்னு பொய் சொன்னீங்க. எங்கம்மாவுக்கு நான் கொள்ளி வெக்கல. அந்தக் கையால குடுக்கற வேட்டியை நான் எப்படிங்க வாங்கறது?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய தேவை இல்லாதபடி வாசலில் பேச்சு அடங்கிவிட்டது. யாரோ ஊருக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்த ஃபோனை மெல்லக் கீழே இறக்கினார்கள்.

"பழனி, இதை அப்புறம் தனியாப் பேசலாமே. இன்னைக்கு நல்ல நாள்..." என்றார் ராம்பிரசாத்.

பெரியவர் மகனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இவர் சொல்றது நெஜமா?"

"அப்பா, அவர் உயரத்துல நின்னுட்டிருந்தார், சொன்னா விழுந்துடுவாரோன்னு..."

"கீழ எறங்கவே இல்லையா அவர்?"

பழனிசாமி ஃபோனை எடுத்துக் கூப்பிட்டு, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"சொல்லுங்க" என்றாள் பூங்கோதை. தூங்கவே இல்லாத குரல்.

"ஒருத்தரு பேசுவாரு. கேட்டுக்க." ஃபோனை ராம்பிரசாத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். "அன்னைக்கு என்கிட்டச் சொல்லாம விட்டதை இன்னைக்கு அவகிட்டச் சொல்லுங்க சார்."

ராம்பிரசாத் இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தார். "தமிழ்ல சொல்லுடா" என்றார் அப்பா.

"அம்மா... அன்னைக்கு நீங்க கூப்பிட்டப்ப ஃபோன் எடுத்தது நான்தான். உங்க அண்ணன்கிட்ட நான் சொல்லலை. மறுநாள் சொல்லிட்டேன்னு சொன்னது பொய். வேலை முடியட்டும்னு... முடிஞ்சப்புறம்தான் சொன்னேன். அவருக்கு அதுவரைக்கும் எதுவும் தெரியாது."

சொல்லி முடித்ததும் அவர் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். வேலை முடிந்தது, வாங்கிக்கொள் என்பது போல. பழனிசாமி தட்டைப் பார்க்கவில்லை, ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் தொண்டையைச் செருமினார்.

"அங்க என்ன விசேஷமுங்க, மேளச் சத்தம் மாதிரி கேக்குது?" என்றாள் பூங்கோதை கடைசியில்.

"அவரு புதுவீடு புகறாரு. சுவரு நான் அடிச்சேன். நான் வேட்டி வாங்கினாத்தான் உள்ள போவாங்களாம். தட்டோட நிக்கறாரு."

"நானும் அன்னைக்கு அப்படித்தான் நின்னேன். அம்மா பக்கத்துல நின்னுட்டு வாசலையே பாத்துட்டிருந்தேன்." அவள் குரல் உடைந்தது, பிறகு நேரானது. "வாங்காதீங்கண்ணா."

பழனிசாமி ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். கூட்டம் தானாக ஒதுங்கி வழி விட்டது. பின்னால் ரஷ்மி, அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டாள், அவர் நிற்கவில்லை. யூட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியே அந்த முக்கோணச் சுவர் தெரிந்தது, ஒரு வரிசை கூடப் பிசகாமல். அதற்குக் கீழே ராம்பிரசாத் தட்டைப் பிடித்தபடி நின்றார். அவருடைய அப்பா மஃப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் உள்ளே போகவில்லை.

நேரம் தாண்டிவிட்டது என்று ஐயர் கையை விரித்தபோது, பழனிசாமி தங்கையிடம் அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.